வாரத்துக்கு 5 சொற்கள்: மூன்றாம் வகுப்பில் சொல் கற்பிக்கும் முறை

சொற்பொருள் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மூன்று முறை எழுதி வரச் சொன்னால் சொல் பிள்ளைகளிடம் தங்காது. ‘செருக்கு – கர்வம்’ என்று எழுதுகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டுமே தெரியாது. கை எழுதும், மனதில் ஒன்றும் ஏறாது.

முதலில் சொற்களைக் குறையுங்கள். பாடத்தில் 12 புதிய சொற்கள் இருந்தாலும் வாரத்துக்கு 5 போதும். ஒரு பறவையின் பெயர், பழைய கருவியின் பெயர் போன்றவற்றைப் படம் காட்டிக் கடந்துவிடலாம். தயங்கு, பகிர், வியப்பு, உறுதி என எந்தப் பாடத்திலும் திரும்ப வரக்கூடிய சொற்களுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

ஒரு சொல்லுக்கு 5 நிமிடம் ஒதுக்குங்கள். ‘தயங்கு’ என்றால், “செய்யலாமா வேண்டாமான்னு யோசிச்சு நிக்கிறது” என்று பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள். கையைப் பாதி தூக்கி, நிறுத்தி, இறக்கிக் காட்டுங்கள். வகுப்பே சேர்ந்து இரண்டு முறை சொல்லட்டும். பிறகு கேள்வி: “பிடிச்ச மிட்டாயை வாங்கத் தயங்குவியா? இருட்டு அறைக்குள்ள தனியா போகத் தயங்குவியா? ஏன்?” இந்த ‘ஏன்’தான் முக்கியம். காரணம் சொல்லும்போதுதான் பிள்ளை பொருளைப் பிடித்துக்கொண்டதா என்று தெரியும்.

சொந்த வாக்கியம் எழுதச் சொன்னால் ‘நான் தயங்கினேன்’ என்று எழுதிவிடுவார்கள். வாக்கியம் சரிதான், ஆனால் பொருள் தெரியாமலும் அதை எழுதலாம். ‘கவின் மேடை ஏறத் தயங்கினான், ஏனென்றால்…’ என்று தொடங்கிக் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டுப் பேச்சை ஒதுக்கவே கூடாது. ‘அஞ்சினான்’ என்று படிக்கும் பிள்ளைக்கு ‘அஞ்சு’ என்பது எண்தான். “பயந்தான்னு வீட்ல சொல்றோம்ல, அதையே புத்தகத்துல அஞ்சினான்னு எழுதுவாங்க” என்றால் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். வீட்டுச் சொல்லைக் கொச்சை என்று திருத்தினால் பிள்ளை வாயைத் திறப்பதையே நிறுத்திவிடும்; அதன்பின் எந்தச் சொல்லையும் கற்பிக்க முடியாது.

சொல் உருமாறி வரும்போதும் தடுமாறுவார்கள். ‘தயக்கம்’ என்பதைப் புதுச் சொல்லாக நினைப்பார்கள். பழைய சார்ட்டை உள்ளங்கை அளவு அட்டைகளாக வெட்டி, முன்பக்கம் ‘தயங்கு’ என்றும் பின்பக்கம் தயங்கினாள், தயங்காமல், தயக்கம் என்றும் எழுதுங்கள். பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை வடிவங்கள்: ஆறு – ஆற்றில், குளம் – குளத்துக்கு.

மனம், மணம் இரண்டையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள். கரை–கறை, ஏற்றுமதி–இறக்குமதிக்கும் இதே கதிதான். ஜோடியாகச் சொன்னால் எளிது என்று தோன்றும். மறுநாள் எது எது என்று குழம்பி நிற்பார்கள். ஒன்று நன்றாக ஊன்றிய பிறகு, ஒரு வாரம் கழித்து மற்றது.

படமும் எல்லாச் சொல்லுக்கும் உதவாது. ‘பொறுமை’க்கு உட்கார்ந்திருக்கும் பாட்டி படத்தைக் காட்டினால் ‘பாட்டி’ என்றோ ‘உட்காருவது’ என்றோதான் புரியும். உணர்வுக்கும் குணத்துக்கும் நடித்துக் காட்டுவதும் சிறு சம்பவமும்தான் சரி.

அட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு சொல்லும் மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் வர வேண்டும். தினமும் காலையில் 3 நிமிடம் போதும்: இந்த வாரச் சொல் 3, பழையது 2. நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவது இதுதான், சொல் மறந்துபோவதும் இதனால்தான்.

‘பொருத்துக’ தேர்வை நம்ப வேண்டாம். நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாகப் பொருந்திவிடும். வெள்ளிக்கிழமை நான்கைந்து பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு சொல், பாடத்தில் வராத சூழலில் வாய்மொழியாகக் கேளுங்கள். ஒரு பிள்ளை திணறினாலும் அந்தச் சொல்லை அடுத்த வார 5 சொற்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, புதியவற்றில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள்.