டாப் ஸ்டேஷன், கொழுக்குமலைப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைக்காட்சி பார்க்கப் போகும் டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில்தானே இருக்கிறது, போடியைத் தாண்டியதும் நேராக ஏறிவிடலாம் என்று கணக்குப் போடுவதுதான் மதுரையிலிருந்து கிளம்புவோர் செய்யும் முதல் தவறு. போடிநாயக்கனூர் வட்டத்தைச் சேர்ந்த தமிழ்நாட்டு மண்தான் அது. ஆனால் வண்டி போகும் சாலை, கேரளத்து மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாகத்தான் அங்கே வந்து சேர்கிறது.

வரைபடத்தில் போடிப் பக்கத்து மலையடிவார ஊரான குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் விரல்கடைத் தூரமே தெரியும். அதை நம்பிக் குரங்கணி வரை காரில் போய், சாலை முடிந்த இடத்தில் நானும் ஒருமுறை விழித்திருக்கிறேன். டீக்கடைப் பெரியவர் வடைச் சட்டியிலிருந்து கரண்டியை எடுத்து மலையைக் காட்டி, “அந்தா தெரியுதுல்ல, அதான் டாப் ஸ்டேஷன். நடந்தா ஏறலாம். வண்டின்னா போடிமெட்டு, மூணாறு சுத்தித்தான் சார் போகணும்” என்றார். ஆங்கிலேயர் காலத்தில் மூணாறுத் தேயிலை சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டக்குடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. அன்று தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த குறுக்குவழி இன்று நமக்கு இல்லை.

அதற்காக, சுற்றிப் போவானேன் என்று அனுமதியில்லாமல் காட்டுப் பாதையில் ஏறுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2018 மார்ச்சில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோடையில் காய்ந்த போதைப்புல் என்ற மலைப்புல் தீப்பிடித்தால், சரிவில் ஓடி ஒதுங்க இடம் இருக்காது. வனத்துறை பாதையை மூடியிருக்கும்போது, உள்ளூர் ஆள் ஒருவர் கூட்டிப்போகிறேன் என்று சொன்னாலும் போகக் கூடாது.

கொழுக்குமலையின் கதையும் இதுதான்: தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், ஜீப் பாதையோ இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில். கற்கள் பெயர்ந்து கிடக்கும் அந்தப் பாதையில் சொந்தக் காரை ஏற்ற நினைக்க வேண்டாம், அடித்தட்டு மிஞ்சாது. சூரிய உதயம் பார்க்க விரும்புவோர் நள்ளிரவில் மதுரையிலிருந்து புறப்பட்டு, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தூக்கக் கலக்கத்தில் கடப்பதைவிட, முந்தைய இரவே சூரியநெல்லியிலோ சின்னக்கானலிலோ தங்கி, விடியுமுன் ஜீப் பிடிப்பது நல்லது.

வாடகைக் காரில் போகிறவர்கள், தமிழ்நாட்டு ஊருக்குத்தானே போகிறோம் என்று பெர்மிட்டைக் கேட்காமல் ஏறிவிடுகிறார்கள். வண்டி போடிமெட்டைத் தாண்டியதுமே கேரளத்துக்குள் வந்துவிடுகிறது. பெர்மிட் இல்லாத காரில் போன எங்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்தியபோது, ஓட்டுநர் வரி கட்டி ரசீது வாங்கி வருவதற்குள் இரண்டு மணி நேரம் போனது. டாப் ஸ்டேஷனை எட்டியபோது பள்ளத்தாக்கு முழுவதையும் மூடுபனி மறைத்திருந்தது.

பஸ்ஸில் போவோர் இறங்கிய உடனேயே, மூணாறு திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கடைக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். அதைத் தவறவிட்டால், கீழே கண்ணெதிரே போடியின் விளக்குகள் தெரிந்தாலும் அங்கே வண்டியில் இறங்க வழியில்லை.