காப்பீட்டு நிறுவனத்தின் சட்டப் பிரிவு தவிர்க்க வேண்டிய தவறுகள்

காப்பீட்டு நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு முன்பெல்லாம் வேலை கடைசியில்தான் வரும். பாலிசி விற்று, கிளைம் (இழப்பீட்டுக் கோரிக்கை) வந்து, அதை மறுத்து, வாடிக்கையாளர் வழக்கும் போட்ட பிறகே கோப்பு வழக்கறிஞரின் மேசைக்குப் போகும். இப்போது பாலிசி வாசகம் எழுதும் முன்பே, பிரீமியம் கணக்கிடும் மென்பொருளை வாங்கும் முன்பே அவரைக் கேட்கிறார்கள். வேலை மாறிவிட்டது, ஆனால் பலருக்குப் பழக்கம் மாறவில்லை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அதனால் வருபவைதான்.

எல்லாவற்றிலும் அதிக விலை கொடுக்க வைப்பது, பழைய பாலிசி வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டுவது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கணினித் தாக்குதல் உலகெங்கும் பரவியபோது, மெர்க் மருந்து நிறுவனம் தன் சொத்துக் காப்பீட்டின்கீழ் சுமார் 140 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. போர் நடவடிக்கைகளுக்கு இழப்பீடு இல்லை என்ற விலக்குப் பிரிவைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. நியூ ஜெர்சி நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. அந்த வாசகம் ஆயுதம் ஏந்திய போரை மனதில் வைத்து எழுதப்பட்டது. கணினித் தாக்குதலையும் விலக்க நினைத்திருந்தால் நிறுவனங்கள் வாசகத்தை மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை என்றது விசாரணை நீதிமன்றம். 2023 மே மாதம் மேல்முறையீட்டிலும் மெர்க்கே வென்றது. லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை, 2023 மார்ச் 31 முதல் தனி சைபர் பாலிசிகளில் அரசுகள் பின்னணியில் நடத்தும் தாக்குதல்களுக்குத் தெளிவான விலக்குப் பிரிவைக் கட்டாயமாக்கியது.

கோவிட் காலத்தில் தொழில் முடக்கக் காப்பீட்டில், அதாவது தொழில் நின்றுபோனால் வரும் வருமான இழப்பை ஈடுகட்டும் காப்பீட்டில், நடந்ததும் இதைப் போன்றதே. பிரிட்டனில் பாலிசி வாசகங்களின் பொருளைத் தீர்மானிக்க நிதித் துறைக் கட்டுப்பாட்டு ஆணையமே மாதிரி வழக்குத் தொடுத்தது. 2021 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெருமளவு வாடிக்கையாளர்கள் பக்கம் வந்தது. வாசகம் இரண்டு பொருள் தந்தால், எழுதியவருக்கு எதிரான பொருளையே எடுத்துக்கொள்வது நீதிமன்றங்களின் பழைய வழக்கம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு விலக்குப் பிரிவையும் எடுத்து, ‘இன்று நடக்கக்கூடிய எந்த இழப்பை இது விலக்குகிறது?’ என்று கிளைம் பிரிவோடு உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும். இதைவிடப் பயனுள்ள கூட்டம் சட்டப் பிரிவுக்கு வேறு இல்லை என்பது என் கருத்து.

அடுத்து, எல்லாக் கடிதத்திலும் வழக்கறிஞரின் பெயரைச் சேர்த்துவிட்டால் அது எதிர்த் தரப்புக்கோ விசாரணை அதிகாரிக்கோ காட்டத் தேவையில்லாத ரகசியமாகிவிடும் என்ற நம்பிக்கை. ஆகாது. 2010 செப்டம்பரில் அக்ஸோ நோபல் வழக்கில், ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட விசாரணைகளில் நிறுவனத்தின் சொந்த வழக்கறிஞரோடு நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு அந்த ரகசியப் பாதுகாப்பு கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலும், கிளைமை விசாரிப்பது காப்பீட்டு நிறுவனத்தின் அன்றாட வேலை, அதை வழக்கறிஞர் செய்தார் என்பதற்காக மட்டும் ரகசியமாகாது என்று பல நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஒரே ஆள் சட்ட ஆலோசகராகவும் கம்ப்ளையன்ஸ் (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கவனிக்கும் பிரிவு) தலைவராகவும் கிளைம் குழு உறுப்பினராகவும் இருக்கும் நிறுவனங்களில் சிக்கல் இன்னும் பெரிது. எந்தப் பொறுப்பில் நின்று எழுதுகிறோம் என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். சட்ட ஆலோசனையையும் கிளைம் பற்றிய உண்மை விவரங்களையும் தனித்தனிக் கோப்புகளில் வைக்க வேண்டும்.

அண்டர்ரைட்டர் (ஆபத்தை மதிப்பிட்டுப் பாலிசி தரலாமா என்று முடிவு செய்பவர்) ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பக்கக் குறிப்பு அனுப்புவதும் தவறுதான். அவருக்கு வேண்டியது செய்யலாமா, கூடாதா, செய்யலாம் என்றால் என்ன நிபந்தனையோடு என்பது. அதை முதல் பத்தியில் சொல்லிவிட்டு, காரணங்களைப் பின்னால் அடுக்கலாம். வெறும் ‘முடியாது’ மட்டும் வரும் மேசைக்கு அடுத்த முறை கேள்வியே வராது. அதுதான் ஆபத்து.

‘கணக்கு எனக்குப் புரியாது’ என்று மென்பொருள் விஷயத்தில் ஒதுங்குவது இப்போது கூடிவரும் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆயுள், மருத்துவக் காப்பீடுகளில் தனிமனிதர்களின் ஆபத்தை மதிப்பிட்டு விலை வைக்கும் மென்பொருளை உயர் ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. வழக்கறிஞர் நிரல் எழுத வேண்டியதில்லை. எந்தத் தகவல்கள் உள்ளே போகின்றன, மறுக்கப்பட்டவருக்கு என்ன காரணம் சொல்வோம், மென்பொருள் விற்றவர் தணிக்கைக்கு இடம் கொடுப்பாரா என்று ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கேட்டால் போதும். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. தோற்ற வழக்குகளும் வாடிக்கையாளர் புகார்களும் கோப்பு மூடியதும் மறந்துபோகின்றன. எந்த வாசகத்தால் தோற்றோம் என்ற ஒரு பக்கக் குறிப்பு, அடுத்த பாலிசியை எழுதுபவரின் கைக்குப் போக வேண்டும். அதை அனுப்ப வேண்டியவர் நிறுவனத்தின் வழக்கறிஞர்தான். வெளி வழக்கறிஞர் அதைச் செய்ய மாட்டார், அது அவர் வேலையும் இல்லை.