கடலூரில் தோட்டத்துப் பறவைக்கூண்டு: எங்கே தப்பு நடக்கிறது?

கடையில் 'ரெண்டு ஜோடி லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டால் நம் பக்கம் கொடுப்பது பட்ஜி என்ற நீளவால் சின்னக் கிளி. உண்மையான லவ் பேர்ட், 'ஆப்பிரிக்கன்' என்று விற்கப்படும் கட்டைவால் கிளி, இனமே வேறு. பெயர் ஒன்றுதானே என்று இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிடுகிறார்கள். கம்பியில் தொற்றி நிற்கும் பட்ஜியின் கால்விரலைத்தான் ஆப்பிரிக்கன் முதலில் கடிக்கும். ஆப்பிரிக்கனைத் தனியாக வையுங்கள். இடம் தாராளமாக இருந்தால் காக்டெயில் என்ற கொண்டைக் கிளியும் பட்ஜியும் ஒத்துப்போகும். ஃபிஞ்ச் என்ற சிறு குருவியோடு டைமண்ட் புறா சேரும், பட்ஜி சேராது. பச்சைக்கிளியையும் சில்லையையும் வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை.

பறவைக்கு முன்னால் கூண்டு முடிந்திருக்க வேண்டும். பாதித் தப்பு வலையில்தான். மலிவு என்று கோழி வலை அடித்தால் அதன் கண்ணில், அதாவது ஓட்டையில், எலி நுழையும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலைதான் சரி. உப்புக்காற்றுக்கு முதலில் துருப்பிடிப்பது பற்றவைத்த முனைகள். அதனால் வெல்டு செய்த பிறகு துத்தநாகம் பூசியதா என்று கேட்டு வாங்குங்கள்.

புது வலையை விரலால் தடவிப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டும். கிளி இனங்கள் அலகால் கம்பியைக் கவ்வி ஏறுவதால் அந்தத் துத்தநாகம் வயிற்றுக்குள் போகும். சோர்வு, வாந்தி, பச்சையாக எச்சம் என்று வரும்போது ஆளாளுக்குச் 'சளி' என்பார்கள். வலையை வினிகர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, காயவைத்த பிறகு மாட்டுங்கள். வெளிப்பக்கம் 2 அங்குலம் தள்ளி இன்னொரு வலை இருந்தால், ராத்திரியில் பூனை ஏறினாலும் பறவையின் காலுக்கு அதன் நகம் எட்டாது.

நம்மூர் மணல் தரையைப் பெருச்சாளி ஒரே ராத்திரியில் குடைந்துவிடும். வலையை ஒன்றரை அடி ஆழம் புதையுங்கள், இல்லையென்றால் தரைக்கு கான்கிரீட் போடுங்கள். வாசலுக்கு ஒரு கதவு போதாது. இரண்டு கதவு, நடுவில் ஆள் நிற்க இடம். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும்.

தகரக் கூரையை ஆணி அடித்து நிறுத்துவது இங்கே சரிப்படாது. 2011 'தானே', 2024 'ஃபெஞ்சல்' புயல்களைப் பார்த்த ஊர்கள் இவை. குழாய்க்கால்களை 2 அடி கான்கிரீட்டில் ஊன்றி, தகட்டை ஜே போல்ட்டால், அதாவது கொக்கி போல வளைந்த போல்ட்டால் முறுக்குங்கள். வாடைமழை அடிக்கும் வடக்கிலும் கிழக்கிலும் சுருட்டி ஏற்றும் தார்ப்பாய் கட்டுங்கள். வருஷம் முழுக்க மூடிவைத்தால் சித்திரை வெயிலில் உள்ளே வெந்துபோகும்.

முட்டையிட வைக்கும் பானை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 4 ஜோடி பட்ஜிக்கு 6 பானை, எல்லாம் ஒரே உயரத்தில். உயரப் பானைக்குத்தான் பெட்டைகள் அடித்துக்கொள்ளும். புதிதாக வாங்கிய பறவையை 30 நாள் வேறு கூண்டில் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை, அதாவது கணவாய் ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சில்வர் பீச்சில் பொறுக்கியது என்றால் உப்பு போக மூன்று நாள் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மெத்தென்ற பக்கம் பறவையைப் பார்க்கும்படி கம்பியில் கட்டுங்கள்.