மிளகாய்த்தூள் கப்பலேறும் முன்: வெளிநாட்டில் உங்கள் வியாபாரக் குறியைப் பதிவு செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளுக்கும் பனங்கட்டிக்கும் ஒடியல் மாவுக்கும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். சரக்கை அனுப்பும் வழியை எல்லோரும் விசாரித்து அறிகிறார்கள். பொதியின் மேல் அச்சிட்ட பெயர், அதாவது வியாபாரக் குறி, அந்த நாட்டில் யாருக்குச் சொந்தம் என்று கேட்பவர்கள் குறைவு. அங்கே இறக்குமதி செய்பவர் அதைத் தன் பெயரில் பதிந்துவிட்டால், நாளை இன்னொரு கடைக்குச் சரக்கு அனுப்ப அவரிடமே நீங்கள் அனுமதி கேட்க நேரும். ஆகவே பதிவு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அதுவும் சரக்குப் போகும் முன்பே நடக்க வேண்டும்.

சுன்னாகத்தில் ஒரு சிறிய அரைக்கும் ஆலை, அதன் பெயர் ‘பனங்கூடல்’ (பனந்தோப்பு) என்று வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: கையில் இருக்கும் பத்திரம் எது?

பிரதேச செயலகம் ஊடாகப் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவைக் காட்டி, “எங்களுடைய பெயர் பதிந்தாயிற்று” என்று பலர் சொல்கிறார்கள். அது தொழில் நடத்துபவர் இன்னார் என்பதற்கான பதிவு மட்டுமே. வியாபாரக் குறியைப் பதிவதற்குக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பதிவும் இலங்கைக்குள்தான் செல்லும். உலகம் முழுவதற்கும் ஒரே பதிவு என்று எதுவும் கிடையாது.

இரண்டாம் படி: பெயர் தாக்குப்பிடிக்குமா?

‘யாழ்ப்பாண மிளகாய்த்தூள்’ என்ற பெயரை ஒருவர் தனக்கு மட்டும் உரித்தாக்க முடியாது. அது பொருளையும் ஊரையும் சொல்லும் பொதுப்பெயர். ஊர்ப்பெயரின் மதிப்பைக் காக்கும் வழி வேறு: 2022 இல் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் கிடைத்த புவிசார் குறியீடு அப்படிப்பட்டது. ‘பனங்கூடல்’ மிளகாய்த்தூளுக்கு நல்ல பெயர். பனங்கட்டிக்கு அதே பெயரை வைத்தால், மூலப்பொருளையே சொல்கிறது என்று மறுப்பு வர இடமுண்டு.

உலகப் புலமைச் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் இலவசமாகத் தேடலாம். ஆங்கில எழுத்தில் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் இட்டுப் பாருங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒத்திருந்தால் தடை வரலாம்.

மூன்றாம் படி: வகுப்பு

குறி எந்தப் பொருளுக்கு என்பதை வகுப்பு எண்ணால் சொல்ல வேண்டும். அதற்கான சர்வதேசப் பட்டியலான நீஸ் வகைப்பாட்டில் 45 வகுப்புகள். முதல் 34 பொருள்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஒடியல் மா மூன்றும் 30 இல் அடங்கும். ஊறுகாயும் சமையல் நல்லெண்ணெயும் 29. நெல்லிரசம் என்ற பானம் 32. வகுப்பு கூடக் கூடக் கட்டணமும் கூடும். நீங்கள் விற்கும் பொருள்களின் வகுப்புகளுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள்.

நான்காம் படி: கொழும்பில் விண்ணப்பம், பிறகு ஆறு மாதம்

லேபலின் நிறமும் படமும் காலப்போக்கில் மாறும். ஆகவே பெயரை வெறும் எழுத்தாக, கறுப்பு வெள்ளையில் பதிவது நல்லது என்பது என் கருத்து. தமிழ் எழுத்தில் பதிந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பரிசோதனையில் தேறினால் வர்த்தமானியில் வெளியாகும். மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க மூன்று மாதம். பதிவு பத்து ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

பதிவு முடியும்வரை கைகட்டிக் காத்திருக்காதீர்கள். புலமைச் சொத்து பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையின்படி, முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால் அதே முந்தைய திகதி உங்களுக்குக் கிடைக்கும். மார்ச் 10 இல் கொழும்பில் கொடுத்தீர்கள். ஜூனில் யாரோ ஒருவர் கனடாவில் அதே பெயருக்கு விண்ணப்பித்தார். நீங்கள் செப்டெம்பர் முதல் வாரத்தில் அங்கே விண்ணப்பித்து முன்னுரிமை கோரினால், வரிசையில் அவருக்கு முன்னால் நிற்பீர்கள். இந்தச் சலுகையை நம்மவர்கள் கைநழுவ விடுவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஐந்தாம் படி: எந்த வழியால் போவது?

ஒவ்வொரு நாட்டிலும் நேரடியாக விண்ணப்பிப்பது ஒரு வழி; அந்தந்த நாட்டு முகவர் தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஸ்பெயினின் அலிகாந்தேயிலுள்ள அலுவலகத்தில் ஒரே விண்ணப்பம் போதும். 27 நாடுகளையும் அது தழுவும். ஆனால் நம் உறவுகள் நிறைந்த சுவிற்சர்லாந்து, நோர்வே, பிரித்தானியா மூன்றும் அந்த 27 இல் இல்லை. அவற்றுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது மாட்ரிட் முறை. ஒரு மொழியில் ஒரு விண்ணப்பம், ஜெனீவாவிலுள்ள உலகப் புலமைச் சொத்து அமைப்பு ஊடாகப் பல நாடுகளுக்கு. இதைப் பயன்படுத்த, உறுப்பு நாடொன்றின் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ உண்மையான தொழிலகம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். இதை எழுதும்வரை இலங்கை அதில் உறுப்பு நாடாகவில்லை. இந்தியா 2013 இலும் கனடா 2019 இலும் சேர்ந்தன. “கனடாவில் இருக்கும் மச்சான் பெயரில் போட்டால் என்ன?” என்ற யோசனை இங்கேதான் எழும். போட்டால் சட்டப்படி உரிமையாளர் மச்சான்தான். அன்பு எவ்வளவு இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் உங்கள் பெயரில் நேரடியாக விண்ணப்பியுங்கள்.

ஆறாம் படி: இறக்குமதியாளருடன் எழுத்து

குறி உங்களுடையது, அவர் விற்பனைக்கு மட்டும் அனுமதி பெற்றவர், எந்த நாட்டிலும் தன் பெயரில் பதியமாட்டார், ஒப்பந்தம் முடிந்தால் பயன்பாடும் முடியும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். முகவர் அனுமதியின்றித் தன் பெயரில் பதிந்தால் எதிர்க்கவும், நாட்டுச் சட்டம் இடமளித்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றக் கோரவும் பாரிஸ் உடன்படிக்கையே உரிமை தருகிறது. ஆனால் அந்நிய நாட்டில் வழக்காடும் செலவைச் சிறு ஆலையொன்று தாங்காது.

பதிந்த குறியைப் பயன்படுத்தாமல் விட்டால், கனடாவில் மூன்று ஆண்டுகளிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஐந்து ஆண்டுகளிலும் அதை நீக்குமாறு பிறர் கோரலாம். எனவே திகதியிட்ட விலைப்பட்டியல், கப்பல் ஆவணம், கடைத் தட்டில் உங்கள் பொதி தெரியும் படம் ஆகியவற்றை நாடுவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.