கூட்டணி என்றால் குண்டுவீச்சு மட்டும்தானா?

2024 ஆகஸ்டில் சூலூர் விமானப்படைத் தளத்தில் 'தரங் சக்தி' பயிற்சி நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாட்டுப் போர் விமானங்கள் நம் தலைக்கு மேலே பறந்தன. அப்போது பல்லடத்தில் இருக்கும் என் மாமா, "நாமளும் நேட்டோவுல சேர்ந்துட்டோமாப்பா?" என்று கேட்டார். பயங்கரவாத ஒழிப்பில் ராணுவக் கூட்டணிகளின் பங்கு பற்றிப் பேசும்போது அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கூட்டுப் பயிற்சி வேறு, ராணுவக் கூட்டணி வேறு. இந்தியா எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லை.

கூட்டணிக்கு ஒப்பந்தம் உண்டு. ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகவே கொள்வோம் என்கிறது, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இருக்கும் நேட்டோ கூட்டணி ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு. அது இதுவரை ஒரே ஒரு முறை, அமெரிக்கா மீதான 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு மறுநாள்தான் கையில் எடுக்கப்பட்டது. அப்படியென்றால் எல்லா நாடும் உடனே படை அனுப்பியாக வேண்டும் என்று நினைப்பதும் தவறு. என்ன உதவி செய்வது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும். அன்று நேட்டோவின் கண்காணிப்பு விமானங்கள் அமெரிக்க வானத்துக்கே காவல் போயின.

பல நாட்டுப் போலீசாரை இணைக்கும் இன்டர்போல், பயங்கரவாதப் பணத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். ஆகிய அமைப்புகளையும் சிலர் கூட்டணிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இவை ராணுவக் கூட்டணிகள் அல்ல.

அப்புறம், இடத்தைப் பிடித்தால் வேலை முடிந்தது என்ற எண்ணம். இது உயிரோடு விளையாடும் தவறு. சிரியாவிலும் இராக்கிலும் இடம் பிடித்து வைத்திருந்த ஐ.எஸ். பயங்கரவாத அமைப்புக்கு எதிராக 2014-இல் பல நாடுகள் கூட்டணி அமைத்தன. அவை வானிலிருந்து தாக்க, தரையில் உள்ளூர்ப் படைகள் போரிட்டன. 2019 மார்ச்சில், ஐ.எஸ். வசம் கடைசியாக இருந்த சிரியாவின் பாகூஸ் கிராமமும் கைவிட்டுப் போனது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் ஐ.எஸ். ஆதரவாளர்களின் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோயமுத்தூர் வழக்கொன்றின் விசாரணையில் கிடைத்த தடயத்திலிருந்துதான் அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் பற்றிய எச்சரிக்கை போனதாகச் செய்திகள் வந்தன. ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்தியா இலங்கைக்குச் சொல்லிவிட்டது. இரண்டு நாட்டுக்கும் இடையே ராணுவக் கூட்டணி இல்லை, ஆனாலும் தகவல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் மேல் நடவடிக்கை எடுக்கத்தான் ஆளில்லை. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. கூட்டணியில் எத்தனை நாடு, எத்தனை விமானம் என்று எண்ணுவதை விட, வந்த தகவலை யார் படித்தார்கள், என்ன செய்தார்கள் என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

ஒரு வழக்கை வைத்து ஒரு சமூகத்தையே சந்தேகிப்பதும் தகவல் வரும் வழியை அடைத்துவிடும். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேரை இழந்த கோயமுத்தூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிதல்ல. ஆனால் சஹ்ரானைப் பற்றி அதிகாரிகளிடம் முன்பே எச்சரித்தவர்களில் இலங்கை முஸ்லிம்களும் இருந்தார்கள்.