சீரியலிலிருந்து செய்திக்கு வர நினைப்பவர்களுக்கு

ஒன்பது வருடம் சீரியலில் மருமகளாக அழுதேன். அப்புறம் ஏழு வருடமாகச் செய்தியாளராக இருக்கிறேன். "அக்கா, நானும் நியூஸுக்கு வரணும், என்ன பண்ணட்டும்?" என்று மாதத்துக்கு ஒரு சீரியல் பெண்ணாவது சென்னை சாலிகிராமத்திலிருந்து போன் செய்கிறாள். எல்லோரிடமும் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், வாசிப்பாளர் வேலையா நிருபர் வேலையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நம் முகத்தைப் பார்த்ததும் வாசிப்பாளர் நாற்காலியைத்தான் நீட்டுவார்கள். இல்லையென்றால் சினிமா பீட், அதாவது சினிமாச் செய்தி மட்டும் சேகரிக்கும் வேலை. இரண்டையும் பணிவாக மறுத்துவிட்டு, ஆறு மாதம் மாவட்டத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சம்பளம் குறையும். ஒரு வருட வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அடுத்து, லிசா ஹோவர்டின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கப் பெண். 1950களில் மேடையிலும் படங்களிலும் நடித்தவர், நம்மைப் போலவே பகல்நேரத் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தவர். அதை விட்டுவிட்டு மியூச்சுவல் வானொலியில் நிருபராகச் சேர்ந்தார். 1961இல் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்குப் போனார். 1963 ஏப்ரலில் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் நாள்கணக்கில் காத்திருந்து, அந்நாட்டுத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பேட்டி எடுத்தார். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் அணு ஆயுதப் போர் வெடிக்கும் நிலைக்குப் போன நெருக்கடி முடிந்து ஆறே மாதம் ஆகியிருந்த நேரம் அது. மே 10ஆம் தேதி பேட்டி ஒளிபரப்பானது. பெண்கள் திரையில் செய்தி சொல்வதே அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில், தன் பெயரிலேயே பகல்நேரச் செய்தி நிகழ்ச்சி ஒன்றையும் நடத்தினார்.

அவருடைய கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் காத்திருப்புதான். காலை ஏழு மணி கால்ஷீட்டுக்குப் போய், மதியம் இரண்டு மணிக்கு முதல் ஷாட் கொடுத்தவர்கள் நாம். மேக்கப் கலையாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பொறுமை தாலுகா அலுவலக பெஞ்சில் அப்படியே உதவும். மற்ற நிருபர்கள் கிளம்பிப் போன பிறகுதான் பல அதிகாரிகள் வாயைத் திறப்பார்கள்.

உதவாத பழக்கமும் ஒன்று உண்டு. சீரியலில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரிவரியாக வசனம் சொல்லித்தருவார், நாம் திருப்பிச் சொல்வோம். அடுத்த காட்சி என்னவென்று தெரியாமலே நடித்துவிட முடியும். செய்தியில் அது நடக்காது. தினமும் ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, யார், எங்கே, எப்போது, எந்த உத்தரவுப்படி என்று இருநூறு வார்த்தையில் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனுவும் எழுதிப் பழகுங்கள். 2005ஆம் வருடச் சட்டம் அது. வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், "இந்தக் கோப்பின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். மஞ்சப்பையோடு ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "நீ அந்த நாடகத்துல வர்ற மருமகதானே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து வீட்டுமனைப் பட்டாவை எடுத்தார். மழையில் நனையக் கூடாதென்று லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். "பேப்பர் குடுத்தாங்கம்மா, எடத்த அளந்து காட்டல" என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. கேமரா அப்போது ஓடவில்லை. "பாட்டி, இப்ப சொன்ன மாதிரியே இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சேனல் லோகோ மாட்டிய மைக்கைப் பார்த்து, சத்தமாக அழுதபடி சொன்னார். தன் துக்கத்தை அவர் நடித்துக் காட்டும்படி செய்தவள் நான். அவர் பேசிய அந்த பைட்டை, அதாவது அந்தப் பதிவுத் துண்டை, பயன்படுத்தவில்லை.

இரண்டாவது டேக் கேட்காதீர்கள். மைக் வைத்து, ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பேச்சை ஆரம்பியுங்கள். எதிரில் இருப்பவர் நிறுத்தினால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். முகத்தில் நெகிழ்ச்சியை நடித்துக் காட்டவும் வேண்டாம். அவர் சொல்வது காதில் விழுந்தால் போதும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் என்றால் பெயர், முகம், தெரு, பள்ளி எதையும் காட்டக் கூடாது. அதற்குச் சட்டத் தடையே இருக்கிறது.

லிசா ஹோவர்டிடம் திரும்பி வருகிறேன். பேட்டியோடு அவர் நிற்கவில்லை. 1963 செப்டம்பரில் நியூயார்க்கில் தன் வீட்டு விருந்தில், அமெரிக்கத் தரப்பின் வில்லியம் அட்வுட்டும் கியூபாவின் ஐ.நா. தூதர் கார்லோஸ் லெச்சுகாவும் பேச வழி செய்தார். 1964 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குச் சொல்லும்படி காஸ்ட்ரோ தந்த செய்தியைச் சுமந்து வந்தார். நிருபராக இருந்துகொண்டு தூது போகும் அளவுக்கு நான் எல்லையைத் தாண்ட மாட்டேன். ஆனால் அணு ஆயுதப் போர் வாசல்வரை வந்துபோன மறுவருடம், இரண்டு நாடும் பேசிக்கொள்ள வேண்டுமென்று அலைந்தவரைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனம் வராது. அதே 1964இல் செனட் தேர்தலில் ராபர்ட் கென்னடிக்கு எதிராக வெளிப்படையாக இறங்கினார். வேலை போனது. 1965 ஜூலையில் இறந்துபோனார்.

நமக்கும் தேர்தல் நேரத்தில் போன் வரும். "வேனில் நின்னு கையசைச்சா போதும்" என்பார்கள். கடைத் திறப்பு விழாவுக்கும் கூப்பிடுவார்கள். ஒரு நாள் கூலி நம் மாதச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஒருமுறை போய்விட்டால், அந்த வேட்பாளரைப் பற்றியோ அந்தக் கடையைப் பற்றியோ நீங்கள் எழுதுவதை யாரும் நம்ப மாட்டார்கள். போகாதீர்கள்.

பாட்டியின் பட்டாவிலிருந்த சர்வே எண்ணை வைத்து தகவல் உரிமை மனு போட்டேன். இருபத்தெட்டாவது நாள் பதில் வந்தது: அந்த இடம் ஓடைப் புறம்போக்கு, அதாவது ஓடைக்கான அரசு நிலம். நகலை எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போய், கேமரா ஓடுவதைப் பார்த்துவிட்டுப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. லேமினேஷன் மேலேயே முத்திரையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பதினோரு விநாடி. அதை வெட்ட வேண்டாம், மியூசிக்கும் போட வேண்டாம் என்று டெஸ்க்கில் கேட்டுக்கொண்டேன். அப்படியே ஒளிபரப்பினார்கள்.