காட்சிக்கு வைக்கும் பழைய இரும்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் மூடிக்கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறக்கப் போகிறார்கள். நான்கு இளைஞர்கள் தேயிலையை உலர்த்தும் பழைய ட்ரையரின் தகடுகளுக்குப் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடியில் துரு அப்படியே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த அதே வேலை. பிரஷைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை, தப்பான ஆணி போன்றவற்றை இங்கே சொல்லவில்லை. அவற்றை மறுநாளே திருத்திவிடலாம்.

துருவை மூடுவது

தொழிற்சாலை ஓடிய காலத்தில் அடுப்பின் சூடே கட்டடத்தை உலர்த்திவந்தது. அடுப்பு அணைந்த பிறகு இரவெல்லாம் இரும்பு குளிர்ந்துகிடக்கிறது. விடியற்காலையில் மூடுபனி உள்ளே நுழைந்ததும் தகடு முழுவதும் வியர்க்கிறது. கூரை ஒழுகாவிட்டாலும் இது நடக்கும். பழைய துரு அந்த ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் தகட்டைத் தின்றுகொண்டிருக்கும்.

நான் பெயின்ட் அடித்த ட்ரையர் திறப்பு விழாவன்று புதுமணப்பெண் போல நின்றது. இரண்டாவது தென்மேற்குப் பருவமழையில் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கத்தையே வெட்டி எறிய வேண்டியதாயிற்று. அந்தக் காலத்துத் தகட்டுக்கு இனி எங்கே போவது? இன்றும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் டெக்சாஸ் போர்க்கப்பல் இரண்டு உலகப் போர்களையும் கண்டது. 1948இல் கரையோரக் காட்சிச்சாலையாயிற்று. மேல்தளத்து மரப்பலகைகள் உளுத்துப்போகவே, 1968இல் அவற்றுக்குப் பதிலாகக் கொங்கிறீட் போட்டார்கள். கொங்கிறீட் வெடித்தது. வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கி, கீழேயிருந்த இரும்பை அரித்தது. 1988இல் பழுதுபார்க்க இழுத்துச் சென்றபோது, கொங்கிறீட்டைப் பெயர்த்துவிட்டு மறுபடியும் மரமே போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் நாள்தோறும் சுரண்டிப் பூசிப் பேணிய கப்பல் அது. ஆள் போனபின் ஈரம்தான் மிஞ்சியது.

ஆகவே கம்பிப் பிரஷால் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். மேற்கு மலையில் ஜனவரி முதல் மார்ச் வரையான வரண்ட நாட்களில், வெயில் ஏறி இரும்பு தொட்டால் இளஞ்சூடாக இருக்கும் நேரத்தில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடியுங்கள். சுரண்டிய அன்றே அடித்துவிட வேண்டும். ஓர் இரவு தாமதித்தாலும் புதுத் துரு படிந்துவிடும். அசையும் பாகங்களுக்குப் பெயின்டே கூடாது, கிறீஸ் போதும்.

பித்தளையை மினுக்குவது

வேண்டாம். தேய்க்கத் தேய்க்க அதில் பொறித்த எழுத்தும் தேயும்.

பழைய இரும்புக்காரரை உள்ளே விடுவது

விடாதீர்கள்.

திறப்பு விழாவோடு கணக்கை மூடுவது

இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் 1997இல் ஓய்வுபெற்று, மும்பையில் காட்சிச்சாலையானது. பராமரிக்க வழியில்லாமல் 2012இல் மூடினார்கள். 2014இல் உடைக்கத் தொடங்கினார்கள். கண்டிக்கு அருகே நம் ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போகிறவர்கள் இயந்திரங்களின் பளபளப்பை விட்டுவிட்டு, யார் எந்த நாளில் துடைக்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள்.

வேலை செய்தவர்களைக் கேட்காமல் விடுவது

அன்று அந்த இளைஞர்களிடம், பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் யாராவது பழைய ரோலர்காரர், அதாவது கொழுந்தை உருட்டும் இயந்திரத்தில் வேலை செய்தவர், இருக்கிறாரா என்று கேட்டேன். ஒரு பெரியவரை அழைத்துவந்தார்கள். ரோலரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து, அடிச்சட்டத்தில் புதிதாகச் சிமென்டு பூசிய ஓர் இடத்தைத் தடவினார்.

“தம்பி, இந்தத் துளையை எதற்காக அடைத்தீர்கள்? கழுவுகிற தண்ணீர் இறங்குவது இதன் வழியாகத்தான்.”

ஓர் ஆணியை வாங்கி அவரே சிமென்டைக் குத்தி எடுத்தார். கறுப்பாக ஒரு கோப்பை நீர் தரையில் வழிந்தது.